ரேஷன் கடை வரிசைக்கும் உலகப் போருக்கும் என்ன சம்பந்தம்? ஆலங்குடியில் இருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

மாதத்தின் முதல் வாரம். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில் ரேஷன் கடை திறக்கும் முன்பே பைகள் வரிசையில் நிற்கின்றன. ஆட்கள் மரத்தடி நிழலில். ஸ்மார்ட் கார்டை நீட்டி, விரல் ரேகை வைத்து, அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த வரிசையில் நிற்கும் யாருக்கும் போர் ஞாபகம் வராது. ஆனால் ரேஷன் கடை என்ற ஏற்பாடே ஒரு போரில் இருந்து வந்தது. அந்த ஊர் வயலுக்குப் போகும் யூரியா, வழி காட்டும் செல்போன் மேப், ஊர் பெயர்களில் ஒட்டியிருக்கும் 'கோட்டை', கிண்டலுக்குச் சொல்லும் 'எம்டன்' என்ற வார்த்தை... எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு போர் இருக்கிறது.

"போர் நடந்தால்தான் நாடு முன்னேறும், கண்டுபிடிப்பு வரும்" என்று ரீல்ஸ்களில் அடிக்கடி ஒரு பேச்சு வருகிறது. அது உண்மையா? போர் மனித வாழ்க்கையை எப்படியெல்லாம் மாற்றியது? அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், எந்த ஆலங்குடி?

குரு பெயர்ச்சிக்குக் கூட்டம் போகும் திருவாரூர் மாவட்ட ஆலங்குடி இல்லை. இது புதுக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தாலுகா தலைநகர். பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது மூன்றே தாலுகாக்கள்: ஆலங்குடி, குளத்தூர், திருமயம். அதாவது மன்னராட்சி முடியும்வரை சமஸ்தானத்தின் ஒரு பங்கு ஆலங்குடி கணக்கில்தான் இருந்தது.

இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முழுமையாக அமைந்திருந்த ஒரே சமஸ்தானம் புதுக்கோட்டை. அது அப்படித் தனியாக நிலைத்ததற்குக் காரணமும் போர்தான். அதற்குப் பிறகு வருவோம். முதலில் ரேஷன்.

ரேஷன் கடை எப்படி வந்தது?

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இந்தியாவுக்குப் பர்மாவில் இருந்து ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணமும் இந்த அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. விலை தாறுமாறாக ஏறியது. பதுக்கல் தொடங்கியது. ராணுவத் தேவை முதலில், ஜனங்கள் பிறகு என்ற நிலை.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வெடித்தது. இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அங்கே பொய்த்தது நிர்வாகம். இருந்த நெல்லும் வாங்க வக்கில்லாதவர்களுக்கு எட்டவில்லை என்பதுதான் பின்னால் நடந்த ஆய்வுகள் காட்டியது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் பார்த்தவர் அவர்.

அந்தக் காலகட்டத்தில்தான் மத்திய அரசில் உணவுக்கென்று தனித் துறை உருவானது. நகரங்களில் கார்டு கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் பங்கீடு பரவியது. சென்னையிலும் வந்தது. 'பங்கீட்டுக் கடை' என்பதும் 'ரேஷன்' என்பதும் வீட்டுப் பேச்சில் நுழைந்தது அப்போதுதான். ராணுவ வீரனுக்கு அளந்து கொடுக்கும் உணவைக் குறித்த 'ரேஷன்' என்ற சொல், குடும்ப அட்டைக்கு வந்து சேர்ந்தது.

போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1952-ல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் 1960-களில் தட்டுப்பாடு திரும்பியது, ரேஷனும் திரும்பியது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்தது தஞ்சாவூரில். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றும் அளவுக்குப் பேசப்பட்டது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இன்று மாநிலத்தில் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள் இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ஜனங்கள் பசிக்காமல் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலை" என்ற எண்ணம் இயல்பாக வந்துவிடவில்லை. லட்சக்கணக்கானோர் செத்த பிறகுதான் அது சட்டமாகவும் துறையாகவும் மாறியது.

வயலுக்குப் போகும் யூரியாவிலும் போரா?

ஆமாம். கீரமங்கலம், வடகாடு பக்கம் பூ, பலா, நெல் என்று விவசாயம் செய்பவர்களுக்கு யூரியா மூட்டை புதிதல்ல. அதன் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது.

காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியை 1909-ல் ஆய்வகத்தில் காட்டியவர் ஃபிரிட்ஸ் ஹேபர். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். நோக்கம் உரம். ஆனால் 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் அதே அம்மோனியா வெடிமருந்துக்குத் திரும்பியது. கடல் வழி அடைபட்ட ஜெர்மனி அத்தனை ஆண்டுகள் போர் செய்ய முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே ஹேபர், 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே குளோரின் நச்சுவாயுத் தாக்குதலுக்கும் முன்னின்றார். 1918-க்கான நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. உலகத்துக்குச் சோறு போட்ட கை, நஞ்சும் ஊதியது.

பசுமைப் புரட்சிக்கும் ஒரு போர்த் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்று அமெரிக்கப் படை அங்கே முகாமிட்டிருந்தபோது, 'நோரின் 10' என்ற குட்டை ரகக் கோதுமையின் விதையை ஒரு அமெரிக்க விவசாய ஆலோசகர் 1946-ல் தன் நாட்டுக்கு அனுப்பினார். அதை வைத்துத்தான் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் அதிக விளைச்சல் தரும் கோதுமை ரகங்களை உருவாக்கினார்.

1965-ல் இந்தியா-பாகிஸ்தான் போர். அமெரிக்காவில் இருந்து வரும் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலம் அது. அந்தக் கப்பலை வைத்தே அமெரிக்கா அழுத்தம் கொடுத்தது. "இனி யாரிடமும் கையேந்தக் கூடாது" என்ற முடிவு உறுதியானது அப்போதுதான். உணவு அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சி பக்கத்தைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம். விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் துணையோடு குட்டை ரக விதைகள் வந்தன. கோதுமை வட இந்தியாவிலும், புதிய நெல் ரகங்கள் காவிரிப் பாசனப் பகுதியிலும் பரவின.

'கோட்டை' என்று முடியும் ஊர்கள் ஏன் இத்தனை?

புதுக்கோட்டை, வல்லத்திராக்கோட்டை, கீழாநிலைக்கோட்டை, பொற்பனைக்கோட்டை என்று இந்த மாவட்ட வரைபடத்தில் கோட்டைகள் வரிசை கட்டுகின்றன. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடைப்பட்ட மண் இது. இரண்டு பக்கப் படையும் கடந்துபோகும் வழி.

புதுக்கோட்டை நகருக்குப் பக்கத்தில் உள்ள பொற்பனைக்கோட்டையில் 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் தமிழக தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. மதிலும் அகழியும் கொண்ட சங்க காலக் கோட்டையின் தடயங்கள் அங்கே கிடைக்கின்றன. ஆநிரை கவர்தல் தொடர்பான தமிழி எழுத்துக் கல்வெட்டும் அதே ஊரில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

ஆநிரை என்றால் மாடுகள். அன்றைக்கு மாடுதான் செல்வம். ஒரு ஊர் மாட்டை இன்னொரு ஊர்க்காரர்கள் ஓட்டிக்கொண்டு போவதும், மீட்கப் போனவர் செத்தால் அவருக்குக் கல் நடுவதும் வழக்கம். இந்த நடுகற்களில்தான் தமிழின் மிகப் பழைய எழுத்துகள் சில கிடைக்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல் இதற்குச் சான்று. மன்னர்களுக்கோ புலவர்களுக்கோ எடுத்த கல் இல்லை அது. மாட்டுச் சண்டையில் இறந்த சாதாரண வீரனுக்கு எடுத்தது. எழுத்து கிராமம் வரை பரவியிருந்தது என்பதற்கான ஆதாரத்தை நமக்கு விட்டுப்போனது ஒரு சாவு.

நடுகல்லுக்குப் படையல் வைத்தார்கள். இன்றும் கிராமங்களில் வாளோடும் அரிவாளோடும் நிற்கும் காவல் தெய்வங்கள் பலவற்றின் கதையைக் கேட்டால், சண்டையில் செத்த ஒரு மனிதனிடம்தான் போய் நிற்கும்.

புதுக்கோட்டை சமஸ்தானம் உருவானது எப்படி?

17-ம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, தன் மைத்துனர் ரகுநாதராய தொண்டைமானுக்கு இந்தப் பகுதியைக் கொடுத்தார். 1686 வாக்கில் தொண்டைமான் ஆட்சி தொடங்குகிறது.

அடுத்த நூற்றாண்டில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் தென்னிந்தியாவில் மோதினார்கள். ஆளுக்கொரு நவாபைப் பிடித்துக்கொண்டு நடத்திய சண்டை. 1751 முதல் 1754 வரை திருச்சிக் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையில் பிரிட்டிஷ் தரப்புக்குத் தானியமும் ஆட்களும் அனுப்பியது புதுக்கோட்டை. ஐரோப்பாவில் இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த பகைக்கு, இந்த வானம் பார்த்த பூமியில் விளைந்த நெல் வண்டியேறியது.

அந்தக் காலத்தில் படைவீரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. நிலம்தான் சம்பளம். 'அமரம்' என்று பெயர். சண்டைக்குக் கூப்பிட்டால் வர வேண்டும். அதற்குப் பதிலாக நிலத்தை வரியில்லாமல் அனுபவித்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு நிலம், கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, ஊரில் யார் பேச்சு எடுபடும் என்பதையெல்லாம் போர்க்களத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது தீர்மானித்தது.

1801-க்குப் பிறகு பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தன. படைக்கு வேலை இல்லை. ஆனால் நிலம் அவர்களிடமே இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888-ல் இனாம் நிலங்கள் வரன்முறை செய்யப்பட்டன. சேவை செய்யும் கடமை நீங்கியது, வரி வந்தது. வீரன் விவசாயி ஆனது இப்படித்தான். அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை வைத்தே ஒரு பெரிய நூல் எழுதும் அளவுக்கு இந்த மாற்றம் முக்கியமானது.

சமஸ்தானத்தின் சின்னச் செப்புக்காசான 'அம்மன் காசு' இன்றும் சில வீடுகளில் இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய', அதாவது வெற்றி.

கட்டபொம்மன் விவகாரம்: 225 ஆண்டுகள் தாண்டியும் ஏன் சூடாக இருக்கிறது?

1799-ல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு தப்பிய வீரபாண்டிய கட்டபொம்மன், புதுக்கோட்டை எல்லைக்குள் திருக்களம்பூர் பக்கத்துக் காட்டில் பிடிபட்டார். பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

இதன் பிறகு 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் புதுக்கோட்டைக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு யானை தர வேண்டும் என்பது நிபந்தனை. அதையும் பிரிட்டிஷார் வற்புறுத்தவில்லை; 1836-ல் முறைப்படி தள்ளுபடி செய்தார்கள். மற்ற பாளையங்கள் அழிக்கப்பட்டும் ஜமீன்களாகச் சுருங்கியும் போனபோது புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாக நின்றது.

1959-ல் சிவாஜி கணேசன் நடித்த திரைப்படம் வந்த பிறகு 'காட்டிக்கொடுத்தது யார்' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு போனது. "எல்லா பாளையத்துக்கும் கம்பெனியின் கடிதம் போயிருந்தது, மறுத்திருந்தால் புதுக்கோட்டையும் மண்மேடாகியிருக்கும்" என்பது ஒரு தரப்பு. "மற்றவர்கள் எதிர்த்து நின்றார்களே" என்பது இன்னொரு தரப்பு.

முடிவெடுத்தது அரண்மனை. ஆனால் பழிச்சொல் விழுவது அந்த மண்ணில் பிறந்த எல்லோர் மேலும். வேலைக்கு வெளியூர் போன இடத்தில் "புதுக்கோட்டையா?" என்று ஒரு மாதிரி இழுத்துக் கேட்பதை எதிர்கொள்ளும் இளைஞருக்கும் அந்த முடிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போர் முடிந்தாலும் அதன் பெயர் முடிவதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

தமிழ் மண்ணில் பறந்த ராக்கெட்

காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர் என்று ஒரு கிராமம். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில் ஒரு போர் நடந்த இடம். அதே ஊரில் ஏறத்தாழ 1,150 ஆண்டுகள் கழித்து, 1780 செப்டம்பர் 10-ல், ஹைதர் அலி, திப்பு படைகள் கர்னல் பெய்லியின் பிரிட்டிஷ் படையை நொறுக்கின. மைசூர்ப் படை இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த ராக்கெட்டுகளை வைத்திருந்தது. அதுவரை இருந்த காகிதம், மூங்கில் குழாய் வாணங்களைவிட இது அதிக தூரம் பாய்ந்தது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் புதிய ராக்கெட்டை உருவாக்கினார். ஐரோப்பியப் போர்களில் அது பயன்பட்டது.

அமெரிக்காவின் நாசா மையம் ஒன்றின் வரவேற்பு அறையில், ராக்கெட்டுகளோடு போரிடும் திப்புவின் படை வரையப்பட்ட ஓவியத்தைப் பார்த்ததாக அப்துல் கலாம் தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். திப்புவை அவர் சொந்த ஊரில் மறந்தாலும் அங்கே நினைவில் வைத்திருக்கிறார்களே என்பது அவருடைய வியப்பு. அவர் பயிற்சி முடித்துத் திரும்பிய 1963-லேயே, நவம்பர் 21-ல், தும்பாவில் இருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது.

கூகுள் மேப்புக்குப் பின்னால் இரண்டு போர்கள்

திப்புவை வென்ற பிரிட்டிஷாருக்குப் பெரிய நிலப்பரப்பு கைக்கு வந்தது. அதை அளக்க வேண்டும். அந்தப் போரில் கலந்துகொண்ட ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை அருகே அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள 'தியோடலைட்' கருவியை மலைக்கும் கோபுரத்துக்கும் ஏற்றி அளந்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் தானே உட்கார்ந்து சரிசெய்தார்.

பரங்கிமலையில் தொடங்கிய அந்த அளவைதான் வடக்கே போய் இமயமலையில் முடிந்தது. எவரெஸ்ட்தான் உலகின் உயரமான சிகரம் என்று அறிவிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சிதான்.

இன்று செல்போனில் வழி காட்டும் ஜிபிஎஸ், அமெரிக்க ராணுவத்துக்காக 1973-ல் தொடங்கிய திட்டம். 1983 செப்டம்பர் 1-ல் வழி தவறிப் போன கொரிய பயணிகள் விமானத்தை சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகே ஜிபிஎஸ் பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அமெரிக்கா அறிவித்தது. முழுத் துல்லியம் கிடைத்தது 2000 மே மாதத்தில்தான்.

'அவன் பெரிய எம்டன்!'

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிடங்களில் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது.

பெரிய சேதம் என்று சொல்ல முடியாது. ஆனால் "பிரிட்டிஷ்காரனை யாரும் தொட முடியாது" என்ற நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. மக்கள் சென்னையை விட்டு ரயில் ஏறினார்கள். கெட்டிக்காரத்தனமாகக் காரியம் சாதிப்பவரை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் அப்படியே தங்கிவிட்டது. கப்பல் அதே ஆண்டு நவம்பரில் அழிந்தது. பெயர் அழியவில்லை.

இடம் பெயர்ந்த மனிதர்கள்

பொருளைவிடப் போர் அதிகம் நகர்த்துவது ஆட்களை.

- பர்மா: 1942-ல் ஜப்பான் வந்ததும் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். காட்டு வழியில் நடந்தே வந்தவர்களில் பல ஆயிரம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். புதுக்கோட்டைக்குப் பக்கத்துச் செட்டிநாட்டில் பல குடும்பங்களின் சொத்து அங்கேயே போனது. சென்னையில் பர்மா பஜார், தட்டில் அத்தோ என்று அந்த வாழ்க்கையின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

- சயாம் ரயில்: தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பான் ராணுவம் 1942-43-ல் போட்டது. மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்து தமிழர்கள் பெருமளவில் கொண்டுபோகப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மட்டும் சுமார் 90 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பீடு. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகளில் பெயர் இருக்கிறது. தமிழ்க் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை.

- ஜான்சி ராணி படை: அதே மலேயாவில் 1943-ல் நேதாஜி அமைத்த பெண்கள் படைக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டிய கையில் துப்பாக்கி. பெண்ணால் எது முடியும் என்ற கேள்விக்கு அவர்கள் நடைமுறையிலேயே பதில் சொன்னார்கள்.

- இலங்கை: 1983-க்குப் பிறகு ராமேஸ்வரம் கரைக்குப் படகில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் புதுக்கோட்டை மாவட்டத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். திருவரங்குளம் பக்கம் தோப்புக்கொல்லை, திருமயம் பக்கம் லேணாவிளக்கு, அறந்தாங்கி பக்கம் அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன.

இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. முகாம் வாழ்க்கை முடியவில்லை. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் 58 ஆயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஆலங்குடிப் பேச்சிலேயே பேசும் பிள்ளை, பாஸ்போர்ட் என்று வரும்போது எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியில் நின்றுவிடுகிறார். அவர் பார்க்காத போர் அது.

போர் தந்த சிந்தனைகள்

போர் முடிந்த பிறகு வரும் வருத்தமும் உலகத்தை மாற்றியிருக்கிறது.

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டதாகவும் அசோகர் தானே கல்லில் வெட்டிவைத்தார், அதற்காக வருந்துகிறேன் என்றும் சேர்த்து. ஜெயித்த அரசன் தன் வெற்றியைக் குற்றமாக எழுதிவைத்தது வரலாற்றில் மிக அபூர்வம். வாளால் இல்லாமல் அறத்தால் வென்ற இடங்கள் என்று அவர் சொல்லும் அதே கல்வெட்டில் சோழர், பாண்டியர் பெயரும் வருகிறது.

1859-ல் இத்தாலியின் சோல்ஃபரினோ போர்க்களத்தில் கவனிப்பார் இல்லாமல் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்த சுவிஸ் வணிகர் ஹென்றி டுனான்ட், செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்டார். 1864-ல் முதல் ஜெனீவா ஒப்பந்தம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் சாம்பலில் இருந்து 1945-ல் ஐ.நா. சபையும், 1948-ல் மனித உரிமைப் பிரகடனமும் வந்தன.

அப்போ, போர் நல்லதா?

இங்கேதான் கவனம் தேவை. மேலே சொன்ன பட்டியலை மறுபடி பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

அம்மோனியா ஆய்வு நடந்தது அமைதிக் காலத்தில். பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்தது 1928-ல், அதுவும் அமைதிக் காலத்தில். பத்து ஆண்டுக்கு மேல் அதைப் பெரிய அளவில் தயாரிக்கப் பணம் போட ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அரசாங்கங்கள் பணத்தைக் கொட்டின. 1944-க்குள் லட்சக்கணக்கான டோஸ் தயார். ஆக, போர் கண்டுபிடிப்பதில்லை. ஏற்கெனவே கண்டுபிடித்ததற்குக் கஜானாவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கஜானாவை அமைதிக் காலத்திலும் திறக்க முடியும் என்பதற்குச் சான்று பெரியம்மை ஒழிப்பு. பனிப்போரில் முறைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து தடுப்பூசியும் பணமும் கொடுத்தன. இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. 1980-ல் உலகமே அதில் இருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

இன்னொரு கேள்வி: பலன் யாருக்கு, விலை யாருக்கு? ரேஷன் அரிசி இன்று ஆலங்குடிக்குக் கிடைக்கிறது. உயிரைக் கொடுத்தது வங்காளத்துக் கூலித் தொழிலாளி. செல்போன் மேப் எல்லோருக்கும் கிடைக்கிறது. போனது ஒரு விமானத்தில் இருந்த 269 உயிர். சமஸ்தானம் தப்பியது, தூக்குக் கயிறு ஏறியவர் வேறொருவர். போரால் முன்னேற்றம் என்று பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த விலையைக் கொடுக்காதவர்கள்.

சுருக்கமாக:

- ரேஷன், உரம், ஜிபிஎஸ், பெரிய நில அளவை எல்லாம் போரோடு தொடர்புடையவை.
- நிலம், மரியாதை, ஊர்ப்பெயர், பழிச்சொல் என்று புதுக்கோட்டைச் சமூகத்திலும் போரின் தடம் ஆழமாக இருக்கிறது.
- பெரும்பாலான கண்டுபிடிப்புகள் அமைதிக் காலத்தவை. போர் அவற்றுக்குப் பணமும் அவசரமும் கொடுத்தது.
- போரின் கடைசி நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் இல்லை. தோப்புக்கொல்லையில் ஒரு பிள்ளைக்குக் குடியுரிமைக் காகிதம் கிடைக்கும்வரை, அவர்கள் வீட்டில் அந்தப் போர் முடியவில்லை.